ஒன்பதாம் கட்டம்

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் விளக்கு எரியக்கூடாது.
எரிந்தால் அந்தப் பக்கம் நான் தெரிந்துவிடுவேன்.
இருட்டில், மடியில் படிவத்தை வைத்துக்கொண்டு
கைப்பேசி வெளிச்சத்தில் மதிப்பெண் போடுகிறேன்,
பதினொரு வருடமாக.

அந்தப் பக்கம் கெய்ஜா. முதுகலை, மூன்றாம் பருவம்.
இன்னும் இருநூற்று எண்பது மணி நேரம் பாக்கி,
ஒவ்வொரு மணிக்கும் என் கையெழுத்து வேண்டும்.
பட அட்டைகளை நேற்றிரவுதான் ஒட்டியிருக்கிறாள்.
பசை காயாமல்
அவள் விரலோடு எழுந்து வருகிறது முள்கரண்டி.

எதிரே ஆர்விட் ஹாக்லண்ட்.
துலூத் துறைமுகத்தின் தூக்குப்பாலத்தை
முப்பத்தோரு வருடம் ஏற்றி இறக்கியவர்.
கப்பல் ஊதினால் பாலமும் ஊத வேண்டும்,
அதே கணக்கில், நீளத்துக்கு நீளம், குறிலுக்குக் குறில்.
அந்தப் பொத்தான் அவர் கையில் இருந்தது.
ஜூன் மாதம் மூளையின் இடப்பக்கம் ரத்தம் அடைத்தது.
வாயில் மிஞ்சியது ஒரே சொல்:
செவ்வாய்.

முள்கரண்டி? செவ்வாய்.
நாய்? செவ்வாய்.
கோபத்தில் வரும் செவ்வாய் வேறு,
கழிவறை எங்கே என்று கேட்கும் செவ்வாய் வேறு.
வரவேற்பு மேசை டோரீனுக்கு அத்தனையும் புரிகிறது.
எங்களுக்குத்தான் பட்டம் தேவைப்படுகிறது.

கெய்ஜாவின் தொல்லை படிவத்தில் ஒன்பதாம் கட்டம்:
'பதிலுக்கு அவகாசம் தருகிறார்.'
மூன்று வாரமாக, ஐந்துக்கு இரண்டுதான்.
மௌனத்தைக் கண்டால்
பால் பொங்கும் அடுப்பைக் கண்டவள் போல ஓடுகிறாள்.
ஒரு வினாடி, இரண்டு, அதற்குள்
"சாப்பிடும்போது எடுப்போமே, கூர் கூராக, மு... முள்..."
சொல்லை அவரே தேடட்டும் என்று எழுதினேன்.
கழிவறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.
அந்தக் குழாய்ச் சத்தம் எங்கள் துறையில்
எல்லோருக்கும் தெரிந்த மொழி.

இன்று அவள் காதில் சிறு கருவி.
இங்கே நான் அழுத்தினால் என் குரல் அவளுக்கு மட்டும்.
ஏழு வினாடி என்று பேசி வைத்திருந்தோம்.

ஸிக்னேயின் படம். அவர் மனைவி.
மீன்பிடித் தொப்பி, கையில் மீன் இல்லை.
"இது யார்?"

ஒன்று.
இரண்டு. மேசைக்கடியில் கெய்ஜா தன் தொடையைக் கிள்ளுகிறாள்.
மூன்று. பேசவில்லை.
நான்கு. பேசவில்லை!
அவர் பற்கள் நெருங்குகின்றன,
நடுவில் கசிகிறது காற்று, மெல்லிய
ஸ்
ஐந்து.
"பொறு, இன்னும் கொஞ்சம் பொறு."

சொன்னது நான்.
என் கட்டைவிரல் பொத்தான்மேல் இருந்தது.
கெய்ஜா திடுக்கிட்டாள், கை காதுக்குப் போனது,
அவர் கண் அந்தக் கைக்குப் போனது,
காற்று நின்றுவிட்டது.

செவ்வாய், என்றார்,
மன்னிப்புக் கேட்பவர் போல.

பிறகு என் அறை. ஹீட்டர் முனகிக்கொண்டிருந்தது.
"நான் ஒருவேளை..." என்று அவள் தொடங்கினாள்.
படிவத்தை அவள் பக்கம் திருப்பினேன்.
ஒன்பதாம் கட்டத்தில் ஐந்து.
கீழே, குறிப்புகளுக்கான இரண்டு வரியில்:
'குறுக்கே பேசியவர் மேற்பார்வையாளர்.'

வாசித்தாள். மறுபடி வாசித்தாள்.
ஏதாவது சொல்ல வேண்டும்போல் எனக்கு நாக்கு அரித்தது.
ஆறு, ஏழு, எட்டு.
பதினான்கில் எங்கோ எண்ணிக்கை தவறியது.

அப்போது ஏரியில் ஒரு கப்பல் ஊதியது,
நவம்பரின் கடைசிக் கப்பல்களில் ஒன்று.
ஜன்னலுக்குக் கீழே வண்டியில் ஆர்விட்.
மகன் கண்ணாடியில் பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.
அவருடைய இடது கட்டைவிரல்
முழங்காலை அழுத்தியது,
நீளம். குறில். நீளம். குறில்.
அதற்குப் பிறகுதான் பாலம் ஊதியது.

கெய்ஜா இன்னும் ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.
"வியாழக்கிழமை காதில் ஒன்றும் வேண்டாம்."
"வேண்டாம்."

கையெழுத்துப் போட்டேன். ஐம்பது நிமிடம்.
பாக்கி இருநூற்று எழுபத்தொன்பது மணி,
பத்து நிமிடம்.